மார்க்கெட் சந்தில் இஞ்சிப் பாகு

செமோர் தோட்டம்
12.2.1979

மதிப்புக்குரிய எழுத்தாளர் ஜெயபாலன் அவர்களுக்கு,

உங்கள் வாசகி ஒருத்தி எழுதுகிறேன். நீங்கள் வாரா வாரம் எழுதும் ‘தெருவோரத் தீனி’ பக்கத்துக்கு எங்கள் தோட்டத்தில் நல்ல மதிப்பு. படிக்கத் தெரியாதவர்களுக்காகக் காப்பிக் கடைக்காரர் சீனி தன் கடையில் உரக்கப் படித்துக் காட்டுவார். தைப்பிங்கில் நீங்கள் மீ நூடுல்ஸ் தின்ற கதைக்கும், பன்றி எண்ணெய் இல்லாமல் கேட்டு வாங்குவது எப்படி என்று சொல்லிக் கொடுத்த கதைக்கும் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போன சனிக்கிழமை அவர் படித்ததற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. நீங்கள் எழுதியதையே கீழே எழுதுகிறேன். மறந்திருக்கலாம்.

“ஈப்போ மார்க்கெட்டின் பின்சந்தில் ஒரு மூன்று சக்கர வண்டி. பானை மூடியைத் திறந்தால் இஞ்சி மணம் உச்சிக்கு ஏறும். பாகில் வெள்ளை வெள்ளையாக மிதப்பது ஒட்டரிசி மாவு உருண்டை. தோங் யூன் என்பார்கள். கடித்தால் உள்ளே வறுத்த கடலையும் சர்க்கரையும். இந்த வண்டிக்கார அம்மாளை எல்லோரும் ஆ சாம் என்று கூப்பிடுகிறார்கள். அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். சீனக் கணக்கில் புலி வருடத்தில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று, செமோர்ப் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்த் தாய் ஒருத்தியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாயோ, ‘உன்னைப் பெற்றவள் செத்துப் போனாள்’ என்று சொல்லியே பிள்ளையை வளர்த்தாள். செத்தவள் இங்கே இஞ்சி இடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்தப் பிள்ளை என் தங்கை.”

எழுத்து அழகாக இருக்கிறது. இஞ்சியை எவ்வளவு நன்றாக வர்ணித்திருக்கிறீர்கள்.

போதும். வாசகி வேஷம் எனக்கு வரவில்லை. ஏன்டா அண்ணா, பேர் போடவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறாயா? இந்தத் தோட்டத்தில் சீன முகத்தோடு, பொட்டும் தாலியுமாக ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போகிறவள் யார் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவளை வளர்த்தது இருளாயி என்றும் தெரியும். கடையில் அம்மா சர்க்கரை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் நிற்பதைப் பார்த்தும் அந்த மனுஷன் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார். யாரோ பின்னாலிருந்து, “அப்ப உசுரோட இருக்கிறவள செத்துட்டான்னு சொல்லியா பிள்ளைய வச்சிக்கிட்ட” என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா அப்படியே வீட்டுக்கு வந்து படுத்தவள்தான். சோற்றுக்கு உட்காருவதில்லை. கஞ்சித் தண்ணியும் பால் இல்லாத கோப்பி ஓவும்தான் உள்ளே போகிறது.

என்னைப் பெற்றவள் உயிரோடு இருக்கிறாள் என்றால், அதை முதலில் யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? என்னிடம் சொல்லாமல் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குகிறவனிடம் சொல்லியிருக்கிறாய். ஊரே கேட்ட பிறகு, கடையிலிருந்து ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் அப்போது துணி அலசிக்கொண்டிருந்தேன்.

பதில் எழுது.

வீரம்மா

*

சித்தியவான்
18.2.1979

வீரம்மாவுக்கு,

புந்தோங் வீட்டில் உன் கடிதம் காத்திருந்தது. எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். நோட்டுப் புத்தகமும் பென்சிலும் விற்கிற வேலை, கடை கடையாக ஏறி இறங்கியாக வேண்டும். இங்கே ஃபூச்சாவ் சீனர்கள் கோங் பியா என்று ஒரு ரொட்டி சுடுகிறார்கள். மண் அடுப்பின் உள்சுவரில் ஒட்டிச் சுட்டு, எள் மணக்க மணக்கப் பிய்த்துத் தருவார்கள். இன்றைக்கு வாங்கி வைத்தது மேசையில் ஆறிக் கிடக்கிறது. உன் கடிதத்தைப் படித்த பிறகு இறங்கவில்லை. அதைச் சொன்னால் அதற்கும் திட்டுவாய்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம்தான் அந்த அம்மாளைப் பார்த்தேன். உருண்டையைப் பற்றி எழுதத்தான் போனேன். வாயைத் திறந்து மலாயில் கேட்பதற்குள், “உக்காரு தம்பி, சூடா இருக்கு” என்று தமிழில் சொன்னார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். செமோரில் நம் தோட்டத்து ஓரம் காய்கறி போட்டிருந்தார்களாம். கம்யூனிஸ்ட் காலத்தில் வெள்ளைக்காரன் லாரி கொண்டுவந்து, கம்பி வேலி போட்ட புதுக்கிராமத்துக்கு ஏற்றிப் போனானே, அதற்கு முன்னால் புலி வருடத்துப் பெண் பிள்ளையைத் தோட்டத்துத் தமிழ் வீட்டில் கொடுத்தாராம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். நீ எந்த வருடம் பிறந்தவள்? நீ எந்தத் தோட்டத்துக்கு வந்தவள்? இன்னும் என்ன அத்தாட்சி வேண்டும்?

உன்னிடம் முதலில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீ அம்மாவிடம் கேட்டிருப்பாய். அம்மா அழுதிருப்பாள். விஷயம் அதோடு அடுப்பில் போயிருக்கும். அச்சில் வந்தால் யாராலும் மூடி வைக்க முடியாது என்றுதான் எழுதினேன்.

அம்மா உன்னைப் பிரியப் பயந்து ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். நான் அதைக் குற்றமாக எழுதவில்லை. ஆனால் பொய் பொய்தான். சோற்றைத் தள்ளிவிட்டால் அது உண்மையாகிவிடாது.

ஆ சாம் ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார், “உன் தங்கச்சி எப்ப வரும்” என்று. நான் கூட்டிவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வருவாய் என்று நம்புகிறேன்.

அண்ணன்
ஜெயபாலன்

*

செமோர் தோட்டம்
25.2.1979

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘பொய் பொய்தான்’ என்ற இடத்தைப் படிக்காமல் தாண்டப் பார்த்தேன். “ஏன் நிறுத்துற, படி” என்றாள். படித்தேன்.

எழுந்து உட்கார்ந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஒன்னப் பெத்தவ பிரசவமாகி எந்திரிக்கவே இல்லடி. எனக்குப் பொறந்த பிள்ள அந்த மாசந்தான் செத்துப்போச்சு, மாருல பாலு கட்டிக் கெடந்துச்சு. காய் வாங்கப் போனவ, நீ கத்துறதக் கேட்டு எடுத்துப் பால் குடுத்தேன். அவ கண்ண மூடுனப்ப சீனவங்க கூட நானும் போயி, இந்தக் கையால மண்ணு போட்டேன். செத்தவளத்தான் செத்துட்டான்னு சொன்னேன். எம்மவனுக்கு அது பொய்யாத் தெரியுது.”

அப்படியானால் அந்த ஆ சாம் யார் என்று கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. “கீழ் லயத்து வரிசையில இருந்த உடையப்பன் வீட்டுக்கும் ஒரு பிள்ள வந்துச்சே. ரெண்டு வீடு பக்கத்துப் பக்கத்துல காய் போட்டுச்சு, ரெண்டுலயும் புலி வருசத்துப் பொம்பளப் பிள்ள. அந்தப் பிள்ள மங்களம்” என்றாள்.

என் முகத்துக்கு மட்டும் ஊர் விளக்கம் கேட்டதால், அவளும் சீனப் பிள்ளை என்பதை நானே மறந்திருக்கிறேன்.

இப்போது நீ ஒரே ஒரு காரியம் செய். மறுபடி அந்த வண்டிக்குப் போ. உருண்டையை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, “எந்த வீட்டில் கொடுத்தீர்கள்” என்று கேள். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பாகில் எத்தனை இஞ்சி, என்ன சர்க்கரை என்று கேட்கத் தெரிந்தவனுக்கு இது கேட்கத் தோன்றவில்லை.

கேட்டு எழுது. அம்மாவுக்காகக் கேள்.

வீரம்மா

*

கமுந்திங்
4.3.1979

வீரம்மாவுக்கு,

எந்த மங்களம்? உடையப்பன் மகளா? ஆட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்குமே, அந்தப் பெண்ணா? அவள் நம்மைவிடக் கறுப்பாயிற்றே. அவளைச் சீனப் பிள்ளை என்று யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மா பயத்தில் யார் பெயரையோ இழுக்கிறாள், நீயும் பிடித்துக்கொண்டாய்.

நான் போய்க் குறுக்கு விசாரணை செய்ய மாட்டேன். கண்ணில் ஆசையோடு நிற்கிற ஒரு தாயிடம், எந்த வீடு, எந்த லயம் என்று போலீஸ்காரன் மாதிரி எப்படிக் கேட்பது?

கோபத்தில்தான் எழுதுகிறேன், இருக்கட்டும். நீயும் அம்மாவும் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி என்பது இன்றைக்கு வந்ததா? பன்னிரண்டு வயதில் என்னை ஈப்போ மாமா வீட்டுக்கு அனுப்பினாள். பெற்ற பிள்ளையை அனுப்பிவிட்டு உன்னை மடியில் வைத்துக்கொண்டாள். மாமி எனக்குச் சோறு போடும்போது கரண்டியை எப்படித் தட்டுவாள் என்று உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு சீனத் தாத்தா மீ விற்பார். ஒரு நாள் நான் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கிண்ணத்தின் அடியில் மிஞ்சியதைச் சூடான சூப் ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு தினம். எனக்குப் பேர்கூடக் கேட்கவில்லை. ஊர் ஊராகப் போய் நான் சீனன் வண்டியைத் தேடிச் சாப்பிடுவது ருசிக்காக என்று வாசகர்கள் நினைக்கிறார்கள். நீயும் அப்படியே நினைத்துக்கொள். அம்மா என்னிடம் எதையும் மறைக்க மாட்டாள் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை.

இன்னொன்று. அந்தக் கட்டுரைக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்திருக்கிறது. தாயும் மகளும் சந்திப்பதைச் சிங் மிங் மலரில் போட வேண்டும் என்று ஆசிரியர் கேட்டார், நானும் சரி என்றுவிட்டேன். சீனர்கள் கல்லறைக்குப் படையல் கொண்டுபோகிற நாள் அல்லவா, பொருத்தமாக இருக்கும் என்கிறார். உன் படம் போட மாட்டோம். ஒரே ஒரு தடவை போய் அந்த அம்மாள் கையால் ஒரு கிண்ணம் சாப்பிடு. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஜெயபாலன்

*

செமோர் தோட்டம்
19.3.1979

ஜெயபாலனுக்கு,

நேற்று போனேன். உன் மலருக்காகப் போகவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி மார்க்கெட் சந்துக்குள் நுழைந்ததுமே, கோழி விற்கிறவள் என்னிடம் சீனத்தில் ஏதோ கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று மலாயில் சொன்னேன். என் புடவையையும் பொட்டையும் பார்த்து, பக்கத்துக் கடைக்காரனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். நீ எழுதிய சந்தில் இது மட்டும் இல்லை.

வண்டியைக் கண்டுபிடிக்க உன் எழுத்து உதவியது. மணம் நீ சொன்ன மாதிரியேதான் இருந்தது. அதற்காகவும் உன்மேல் எனக்குக் கோபம் வந்தது.

ஆ சாம் என்னைப் பார்த்தார். இஞ்சி இடித்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பார்த்தார். பாயப்போகிறார், கட்டிப்பிடித்து அழப்போகிறார் என்று என் கால் பின்னால் போனது. அவர் ஒன்றும் செய்யவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, “உக்காரு. மக்கான் டுலு, சாப்பிடு முதல்ல, அப்புறம் பேசு” என்றார். ஒரு கிண்ணம் வைத்தார். சாப்பிட மாட்டேன் என்று வைராக்கியத்தோடு போனவள் நான். கிண்ணத்தைத் தொடாமலேயே, “எந்த வீட்ல குடுத்தீங்க” என்று கேட்டேன்.

“கம்பிங், ஆடு நிறைய இருக்குமே, அந்த வீடு. உடையப்பன்” என்றார்.

அவ்வளவுதான். கேட்பதற்கு ஒரு மூச்சு நேரம், சொல்வதற்கு ஒரு மூச்சு நேரம். தீபாவளியிலிருந்து நீ அங்கே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறாய்.

அவரே மேலே சொன்னார். “உன் அண்ணன் நீதான் என் பிள்ளைன்னு சொன்னாரு. நீ வரும்போதே எனக்குத் தெரிஞ்சிச்சு, நீ இல்ல. நீ ஆ லான் பிள்ளை. அதே மூஞ்சி. ஆ லான் என் பக்கத்து வீடு. லாரி வர்றதுக்கு முன்னாடியே செத்துப் போச்சு. ஒரு தமிழ் அம்மா கூட வந்து மண்ணு போட்டுச்சு, அழுதுச்சு. நாங்க யாரும் அவ்வளவு அழல.”

என்னைப் பெற்றவள் பெயர் ஆ லான் என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும். அதைக் கேட்டுவிட்டு நான் நிம்மதியாக இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருக்கலாம். விட்டாயா நீ? அடுத்த கேள்வி வந்துவிட்டது. “அப்ப என் பிள்ளை எங்க? உனக்குத் தெரியுமா அவளை? பேரு என்ன வச்சாங்க?”

மங்களம் என்று சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். வாயில் சரியாக வரவில்லை.

எந்த மங்களம் என்று கேட்டாயே, கேள். நான் வெட்டுக் கத்தி பிடிக்கப் பழகியது அவளோடுதான். அவள் கறுப்பு இல்லை. விடியலிலிருந்து வெயிலில் ஆடு மேய்த்தால் உன் தோலும் கறுக்கும். சீனப் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் சோறு தின்றோம். பதினாறு வயதில் டைபாய்டு வந்து அவள் செத்தாள். நீ ஈப்போவில் இருந்தாய். உனக்குச் சொல்லி அனுப்பினோம், பரீட்சை என்று வரவில்லை. உடையப்பன் அந்தத் துக்கத்திலேயே போனார். அவர் பெண்சாதி, குடியுரிமை இல்லாததால் வேலைப் பெர்மிட்டுக் கிடைக்காமல், அறுபத்தொன்பது கலவரத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டாள். மங்களத்துக்கு இங்கே யாரும் இல்லை. எந்த ஊரில் எவன் எந்தச் சட்டியில் எதைப் போட்டு வதக்கினான் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் ஞாபகம் இல்லை.

ஆ சாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லா இருக்கா” என்று சொல்லிவிட்டேன். உடனே அவர் ஒரு பிளாஸ்டிக் பையில் பாகும் உருண்டையும் ஊற்றி, நூல் சுற்றிக் கட்டி, “பிள்ளைக்குக் குடு, சூடு ஆறாம குடு” என்று என் கையில் வைத்தார். அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். தொடையில் சூடு பட்டுக்கொண்டே இருந்தது. இன்றைக்கு அடுப்படியில் கிடந்து புளித்துவிட்டது. கொட்ட மனசு வரவில்லை.

அம்மாவிடம் வந்து எல்லாம் சொன்னேன். “எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே சொல்லி என்னடி. ஊருக்குச் சொன்னவன் ஊருக்குச் சொல்லட்டும்” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாமா வீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். உன்னைப் படிக்க அனுப்பினாள். என்னை மடியில் வைத்துக்கொண்டாள் என்கிறாயே, ஆறாம் வகுப்போடு நிறுத்தி மரம் வெட்ட அனுப்பினாள். உனக்குப் பரீட்சைக் கட்டணம் போனது அந்தப் பால் காசில்தான். மாமி கரண்டி தட்டியதை ஒரு வரி எழுதியிருந்தால் அம்மா வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள். ஊருக்கெல்லாம் எழுதுகிறவன் வீட்டுக்கு எழுதியதில்லை.

இப்போது நீ போ. நான் சொன்ன பொய்யை நீதான் போய் எடுக்க வேண்டும். ஆசை காட்டியவன் நீ. போய் உட்கார்ந்து, அவர் கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டு, உன் பிள்ளை செத்துப் போனாள் என்று சொல்லிவிட்டு வா.

வீரம்மா

*

ஈப்போ, புந்தோங்
26.3.1979

வீரம்மாவுக்கு,

போனேன். சொன்னேன்.

சாப்பிட்டுவிட்டுச் சொல்லச் சொல்லியிருந்தாய். என்னால் சாப்பிட முடியவில்லை. கிண்ணம் முன்னால் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். ஆ சாம் இஞ்சி இடிப்பதை நிறுத்தவில்லை. நடுவில் இரண்டு பேர் வந்தார்கள், அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தார், மீதிச் சில்லறையும் சரியாகக் கொடுத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். “நீ நிறைய பேசுற ஆளு லா. முதல்ல கேட்டிருக்கலாம்” என்றார். நீ எழுதியதையே அவரும் சொன்னார். அவர் கத்தவில்லை. உன்னைப் போல் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

நான் எழுந்திருக்கப் போனபோது, எங்கே புதைத்திருக்கிறது என்று கேட்டார். தெரியாது என்றேன். “உன் தங்கச்சிக்குத் தெரியும், கேளு. சிங் மிங்குக்கு நான் போகணும். யாரும் போறதில்ல தானே அவளுக்கு” என்றார்.

மலருக்கு எழுதுவதாகச் சொன்னதை நிறுத்திவிட்டேன். ஆசிரியர் போனில் கத்தினார். அட்டையில் விளம்பரம் போட்டாயிற்றாம். இனி அந்தப் பக்கத்தை எனக்குத் தர மாட்டார் என்று நினைக்கிறேன். அந்தக் கட்டுரையில் ஒரு தகவல் பிழை என்று, பேர் ஊர் எதுவும் குறிப்பிடாமல் ஒரு வரி போடச் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.

அம்மா சாப்பிடுகிறாளா? ஆ சாமை என் வேனில் கூட்டிக்கொண்டு வரலாமா?

ஜெயபாலன்

*

செமோர் தோட்டம்
29.3.1979

ஜெயபாலனுக்கு,

சாப்பிடவில்லை.

பேர் ஊர் இல்லாமல் போடுவதென்றால் போடவே வேண்டாம். கெட்ட பேர் வாங்கித் தரும்போது நீ பேர் போடவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்தது. நல்லதைச் சொல்லும்போது பேர் போடாவிட்டால் யாருக்கும் தெரியாது. ‘செமோர்த் தோட்டத்து இருளாயி அம்மாள் தன் மகளிடம் பொய் சொல்லவில்லை. எழுதியவன் அவர் பெற்ற மகன். விசாரிக்காமல் எழுதினான்’ என்று வர வேண்டும். ஒரு சொல் குறையக் கூடாது. ஆசிரியர் கத்தினால் கத்தட்டும்.

ஆ சாமைக் கூட்டிக்கொண்டு வா. அவரைத் தடுக்க நான் யார்? ஆனால் நீ உள்ளே வரக் கூடாது. வேனை மெயின் ரோட்டில் பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, அங்கேயே உட்கார்ந்திரு. நான் வந்து அவரை அழைத்துக்கொள்கிறேன். நீ பார்த்தால் எழுதுவாய்.

வீரம்மா

*

செமோர் தோட்டம்
8.4.1979

அண்ணா,

வெயிலில் நீ வேனுக்குள் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. உள்ளே நடந்ததை நீ பார்க்கவில்லை, திரும்பும்போது ஆ சாமும் உன்னிடம் வாய் திறந்திருக்க மாட்டார். ஆகவே எழுதுகிறேன். இது உனக்கு மட்டும்.

பத்திரிகை முந்தின வாரமே வந்துவிட்டது. கோயில் விளம்பரத்துக்குக் கீழே, நான் கேட்ட வரிகளைக் கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில் போட்டிருந்தார்கள். நான் நேரே கடைக்குப் போய்ச் சீனி முன்னால் விரித்து, “அன்னிக்கு எவ்வளவு சத்தமாப் படிச்சீங்களோ, அவ்வளவு சத்தமா படிங்க” என்றேன். படித்தார். மறுபடி படிக்கச் சொன்னேன். அதன் பிறகும் அம்மா எழுந்து வரவில்லை. “சரி, கேட்டுட்டேன்” என்றாள், அவ்வளவுதான்.

சிங் மிங் அன்றைக்கு ஆ சாமை அழைத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் ரப்பரையெல்லாம் வெட்டி எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்று வைத்திருக்கிறார்கள், தெரியும் அல்லவா. அந்தக் கன்றுகள் இடுகாட்டு ஓரம்வரை வந்துவிட்டன. அடையாளத்துக்கு இருந்த மரமே இல்லை. மங்களத்தை எங்கே வைத்தோம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்த அம்மாள் தூக்குச் சட்டியோடு என் பின்னாலேயே நடக்கிறார். நான் இங்கேயா அங்கேயா என்று சுற்றுகிறேன். உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டே சுற்றினேன்.

பின்னால், “அங்க இல்லடி, இந்தப் பக்கம் வா” என்று குரல் கேட்டது. அம்மா. கம்பை ஊன்றிக்கொண்டு படுக்கையிலிருந்து எழுந்து வந்திருக்கிறாள். தலைகூட வாரவில்லை. நேரே போய், கல் மாதிரி எதுவும் இல்லாத ஒரு மேட்டில் கம்பால் தட்டி, “நான்தான் குளிப்பாட்டினேன். எனக்குத் தெரியாதா” என்றாள்.

அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆ சாம்தான் முதலில் பேசினார். “நீதான் ஆ லானுக்கு மண்ணு போட்ட அம்மா” என்றார். அம்மா தலையை ஆட்டினாள். “என் பிள்ளைக்கும் நீதான் போட்டியா” என்று கேட்டார். அதற்கும் ஆட்டினாள். நம் ஆட்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்தார்கள். அன்றைக்குக் கடையில் கேள்வி கேட்ட ஆளும் நின்றார். எல்லோரும் கேட்டார்கள்.

ஆ சாம் மேட்டில் புல்லைப் பிடுங்கிப்போட்டு, ஊதுவத்தி கொளுத்தி, ஒரு கிண்ணத்தில் பாகும் உருண்டையும் ஊற்றி வைத்தார். நம் வழக்கத்துக்கு நான் கற்பூரம் ஏற்றினேன். அதற்கு அப்புறம்தான் அவர் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் அழுததைப் பற்றி மேலே எழுத மாட்டேன்.

சட்டியில் மீதி இருந்ததைக் கிண்ணங்களில் ஊற்றினார். எனக்கு ஒன்று கொடுத்தார், சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. நீ எழுதியதில் தப்பில்லாத ஒரே விஷயம் அதுதான். அம்மாவிடம் ஒன்று நீட்டினார். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அம்மா மண்ணில் கால் நீட்டி உட்கார்ந்து, கிண்ணத்தை வாங்கி, ஒவ்வொரு உருண்டையாக மென்று தின்றாள். பாகை அண்ணாந்து குடித்தாள்.

இன்னும் ஒரு கிண்ணம் இருந்தது. “வேன்ல இருக்கிற தம்பிக்கு. கொண்டு போய்க் குடு” என்று ஆ சாம் என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. அம்மா நடுவில் புகுந்து வாங்கிக்கொண்டாள்.

“அவனுக்கு எதுக்குடி இது. ரோட்டுல நின்னு தின்னதெல்லாம் போதும். பசிச்சா வீட்டுக்கு வந்து சோறு திங்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, உன் பங்கையும் அவளே தின்று முடித்தாள்.

நான் உன்னைக் கூப்பிடவில்லை. அம்மா சொன்னதை எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உலை வைப்பாளாம்.

வீரம்மா